முதலில் எதை விட்டீர்கள்?

களைத்துப்போய் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு என்னவெல்லாம் கூடிவிட்டது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். வேலை கூடிவிட்டது, கடன் கூடிவிட்டது, பொறுப்பு கூடிவிட்டது, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவது கூடிவிட்டது. அதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் ஒன்று கேட்பேன்: "கடந்த ஆறு மாதத்தில் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?"

கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். மாலையில் நடந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. வாரம் ஒருமுறை தோழியோடு பேசுவேன், நின்றுபோய்விட்டது. மதியம் உட்கார்ந்து சாப்பிடுவேன், இப்போது கணினியைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய். ஏழு மணி நேரத் தூக்கம் ஐந்துக்கு வந்துவிட்டது. சொல்லச் சொல்ல அவர்களுக்கே திகைப்பாக இருக்கும். இதில் எதையுமே யாரும் முடிவெடுத்து விடவில்லை. "இந்த வேலை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். ஒரு வேலை முடிந்த இடத்தில் அடுத்தது வந்து உட்கார்ந்துகொண்டது.

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மரீ ஆஸ்பெர்க் இதை ஒரு புனல்போல விளக்கினார். மேலே அகலமான வாயில் வேலை, குடும்பம், நட்பு, பொழுதுபோக்கு, ஓய்வு எல்லாம் இருக்கின்றன. நெருக்கடி வந்ததும், "இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று தோன்றுவதை முதலில் கைவிடுகிறோம். கைவிடப்படுவது எப்போதும் நமக்குத் தெம்பு தருவதாகவே இருக்கிறது. கீழே இறங்க இறங்க, நம்மிடமிருந்து உறிஞ்சுவது மட்டும்தான் மிச்சம். இதில் அடிவரை போய்ச் சேருகிறவர்கள் பெரும்பாலும் மிகுந்த பொறுப்புணர்ச்சி கொண்டவர்கள் என்றும் அவர் கவனித்திருக்கிறார். என் அறையிலும் அதைத்தான் பார்க்கிறேன். எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்பவர்கள்தான் கடைசியில் எழுந்து நிற்க முடியாமல் வருகிறார்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதன் தீவிரம் புரியும். ஆபத்து என்று மூளை நினைத்த மறுகணம் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைப் பாய்ச்சுகின்றன, சில நிமிடங்களில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டில் தவறு ஏதுமில்லை, உயிரைக் காப்பதே இதுதான். ஆனால் இது முடிய வேண்டும். மன அழுத்த ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே 1936-ல் எலிகளிடம் கண்டதும் இதுதான்: உடல் முதலில் விழித்துக்கொள்கிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, நெருக்கடி நீடித்தால் ஓய்ந்துபோகிறது. இன்று நம்மை விரட்டுபவை ஓடி ஒளிந்து தப்பிக்கக்கூடியவை அல்ல. தவணை, இரவு பதினோரு மணிக்கு வரும் அலுவலகச் செய்தி, குணமாகாத நோயாளி. எதற்கும் முடிவு தெரிவதில்லை என்பதால் உடலும் இறங்கி வருவதில்லை. ரத்த அழுத்தம், தூக்கமின்மை, அடிக்கடி வரும் தலைவலி என்று அது வேறு வழிகளில் பேச ஆரம்பிக்கிறது.

சுயபராமரிப்பு என்று நான் சொல்வது, உடல் இறங்கி வருவதற்கான இடங்களை நாளுக்குள் மறுபடியும் உண்டாக்குவதைத்தான். புதிதாக எதையும் வாங்கவோ கற்கவோ தேவையில்லை. விட்டவற்றில் ஒன்றை மட்டும் முதலில் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும்.

படுக்கையிலிருக்கும் தாயைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இது ஒருவரின் கதை இல்லை, பலரிடம் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். "எனக்கென்று அரை மணி நேரம் எடுத்தாலே குற்றவுணர்வாக இருக்கிறது" என்பார். அவருடைய ஒரு நாளை மணி மணியாகத் தாளில் எழுதச் சொல்வேன். இரவு பத்தரைக்குத் தாய் உறங்கியதும் செல்போனை எடுப்பவர் ஒரு மணிவரை கீழே வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அந்த நேரம் மட்டும்தான் என்னுடையது" என்கிறார். இவரிடம் போய் "போனைக் குறையுங்கள்" என்பதில் என்ன பயன்? அவருக்கு இருக்கும் ஒரே திண்ணையையும் பிடுங்குவதுபோல் ஆகிவிடும். அவருடைய நேரத்தைப் பகலிலேயே வேறொரு இடத்தில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் தம்பி இருக்கிறார், ஆனால் "அவன் செய்ய மாட்டான்." என்ன கேட்டீர்கள் என்றால், "கொஞ்சம் உதவி செய்யக் கூடாதா" என்று கேட்டேன் என்பார். கேட்பவருக்கு அதில் எதைச் செய்வது என்றே தெரியாது. "செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறிலிருந்து ஏழுவரை அம்மாவோடு இரு" என்று சொல்லிப் பார்க்கச் சொல்வேன். இப்படித் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் வருகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் வந்த சில வாரங்களில், யாரும் சொல்லாமலே இரவு செல்போன் குறைகிறது. தாயின் நோய் மாறிவிடவில்லை, துக்கமும் போய்விடவில்லை. ஆனால் காலையில் எழும்போதே அழுகை வருவது நிற்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தூக்கத்தைத்தான் சொல்வேன். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும். தூங்கப் போகும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது எளிது, அதைப் பிடித்துக்கொண்டாலே மற்றது மெல்ல சரியாகும். காபியிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் மாலைக் காபி நள்ளிரவிலும் வேலை செய்துகொண்டிருக்கும். மது சீக்கிரம் தூங்க வைப்பதுபோல் தோன்றும், ஆனால் இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். படுத்ததும் நாளைய வேலைகள் வரிசைகட்டி வருகிறதா? அவற்றை ஐந்து நிமிடம் தாளில் எழுதிவிட்டுப் படுங்கள். இப்படி எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கியதை 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முடித்த வேலைகளை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நடை, உடற்பயிற்சி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாரம் 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், முடியாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். பதற்றம் ஏறும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், இதயத் துடிப்பு தணிவதை நீங்களே உணர்வீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தும் அலுவலகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், வேலையால் வரும் முழுச் சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடம் சார்ந்த ஒரு நிலை என்றே குறித்திருக்கிறது. அங்கே மாற வேண்டியது வேலைப்பளு. அதையும் ஊழியரின் மன உறுதியில் ஏற்றிவைப்பது அநியாயம். உங்கள் சோர்வுக்கு நீங்கள் மட்டுமே காரணம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

சரி, சுயபராமரிப்பு எதுவரை போதும்? நாளின் பெரும்பகுதியில் மனம் இருண்டே இருப்பது, பிடித்தது எதிலும் ஒட்டாமல் போவது, தூக்கமும் பசியும் தலைகீழாவது, இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வெறும் களைப்பு என்றாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே வேடத்தில் வரும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் களைத்துப்போனவர்களின் துணையாக, தோழராக இருப்பீர்கள். "ரெஸ்ட் எடு" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், எடுக்க முடிந்திருந்தால் எடுத்திருப்பார்கள். அவர்கள் தலையிலிருக்கும் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்: "இன்று குழந்தையை நான் தூங்க வைக்கிறேன், நீ போய்ப் படு." வேலையை வாங்கிய பிறகு, துணி எங்கே, பால் எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எழுப்பாமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.