பிடித்த எழுத்தாளரின் நடையை ஆராய்வது எப்படி?

பள்ளி நூலகராக நான் பணியாற்றிவரும் ஆண்டுகளில், பதின்பருவ மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எழுத்தாளர் பிறந்த ஆண்டில் தொடங்கி, கதைச் சுருக்கத்தைச் சொல்லி, நூல் உணர்த்தும் நீதியோடு முடிந்துவிடும். அந்த எழுத்தாளர் அந்த மாணவருக்கு ஏன் பிடித்துப்போனார் என்பது மட்டும் எங்கும் இராது. இரவெல்லாம் விழித்திருந்து படித்த நூலைப் பற்றி ஒரு மாணவர் இப்படி உயிரில்லாமல் எழுதுகிறார் என்றால், ஒரு நூலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நாம் கற்றுத்தரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எஸ். இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை மூன்றாம் முறையாக எடுத்துச்செல்ல வந்தபோது, அதில் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "அவன் என்கிட்டயே பேசுற மாதிரி இருக்கு, மிஸ்" என்று, கதை சொல்லும் சிறுவனைப் பற்றிச் சொன்னார். அவர் எழுத வேண்டிய கட்டுரை முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரில் வளர்ந்த ஹின்டன், தம் வயதினரின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் நூல்கள் கிடைக்காத குறையால், 15 வயதில் அந்த நாவலை எழுதத் தொடங்கினார். 1967இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. அவரே பதின்பருவத்தினர் என்பதால்தான் அந்த வயதினருக்குப் பிடிக்கிறது என்று பலரும் காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. வளர்ந்தபின் அவர் எழுதிய 'ரம்பிள் ஃபிஷ்' (1975), 'டெக்ஸ்' (1979) ஆகிய நாவல்களும் அதே வயதினரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே ஈர்ப்பின் காரணத்தை எழுதியவரின் வயதில் தேடாமல், எழுதப்பட்ட விதத்தில்தான் தேட வேண்டும்.

அந்த மாணவிக்கு நான் ஒரு பயிற்சி கொடுத்தேன். கதைசொல்லியான 14 வயது போனிபாய் 'நான்' என்று சொல்லிச்செல்லும் இரண்டு பக்கங்களை, 'அவன்' என்று படர்க்கையில் மாற்றி எழுதச் சொன்னேன். கார் விபத்தில் பெற்றோர் இறந்துவிட, 20 வயது அண்ணன் டாரிதான் தம்பியர் இருவரையும் வளர்க்கிறான். டாரிக்குத் தன்மேல் அன்பே இல்லை என்று போனிபாய் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஆனால், தம்பி வீடு திரும்பத் தாமதமானால் பதறுவதையும், அந்தப் பதற்றமே கோபமாக வெடிப்பதையும் காணும் வாசகருக்கு, அது அன்பு என்று முன்பே தெரிந்துவிடுகிறது. போனிபாய்க்கோ, மருத்துவமனையில் அண்ணன் அழுவதைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. மாணவி தம் படர்க்கை வடிவத்தில், "டாரிக்குத் தம்பிமேல் அன்பு இருந்தது, அதைக் காட்டத் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டு வந்தார். எழுதியதை வாசித்துக்காட்டும்போதே, இதில் தாம் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை என்று அவரே சொன்னார்.

கதைசொல்லிக்குத் தெரிவதற்கும் வாசகருக்குத் தெரிவதற்கும் நடுவே எழுத்தாளர் விட்டுவைக்கும் இந்த இடைவெளிதான், என் அனுபவத்தில், பதின்பருவத்தினரை ஈர்ப்பதில் முதலிடம் பெறுகிறது. வீட்டிலும் வகுப்பறையிலும் 'உனக்கு ஒன்றும் புரியாது' என்று கேட்டுப் பழகிய ஒருவர், இங்கே கதைசொல்லியைவிடத் தமக்கு அதிகம் புரிகிறது என்பதை உணர்கிறார். அந்த மரியாதையை அவர் எளிதில் மறப்பதில்லை.

கதை சொல்லப்படும் காலத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடந்தவை முடிந்த சிறிது காலத்திற்குள்ளாகவே, பள்ளி ஆசிரியர் கேட்ட கட்டுரையாகத்தான் போனிபாய் இதை எழுதுகிறான். நாவலின் முதல் வாக்கியமே இறுதி வாக்கியமாகவும் வருகிறது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பெரியவரின் பக்குவக் குரல் அதில் எங்கும் நுழைவதில்லை. வாக்கியங்களின் நீளம், உரையாடல் எடுத்துக்கொள்ளும் இடம் ஆகியவையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் தாமாகவே புலப்படும். இணையத்தில் கிடைக்கும் கதைச் சுருக்கத்தை வைத்து இவற்றில் எதையும் கண்டறிய முடியாது. சுருக்கும்போது முதலில் காணாமற்போவது குரல்தான்.

பெற்றோர் பலரும் என்னிடம் எழுப்பும் கவலை, இத்தகைய நூல்களில் பெரியவர்களே காணப்படுவதில்லை என்பதும், சண்டையும் புகைபிடித்தலும் இருக்கின்றன என்பதும் ஆகும். அந்தக் கவலையை நான் புறந்தள்ளவில்லை. இதே காரணங்களுக்காக இந்த நாவலுக்குப் பல பள்ளிகளில் எதிர்ப்பும் எழுந்திருக்கிறது. எனினும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் முடிவு அவர் கைக்குப் போய்விடும் என்பதால், இளையோர் நாவல் அவரைச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறது. பிள்ளை ஒரு துயரமான பகுதிக்கே மீண்டும் மீண்டும் திரும்பினால், நூலைப் பிடுங்காமல் அந்தப் பகுதியை வாசித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். தன் துயரத்தைப் பற்றித்தான் பிள்ளை பேசுகிறது என்று தோன்றினால், தயங்காமல் மனநல ஆலோசகரின் துணையை நாடுங்கள்.

பணியில் சேர்ந்த புதிதில், அடிதடிக் கதை ஒன்றை எடுத்த மாணவரிடம், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வகுப்புத் தோழர்கள் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவர் நூலகத்திற்கு வரவில்லை. அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத் திரைப்படமாக்க வேண்டும் என்று இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவுக்கு, கலிபோர்னியாவில் ஒரு பள்ளியின் நூலகர் மாணவர்களின் கையொப்பங்களோடு கடிதம் எழுதியிருக்கிறார். படம் 1983இல் வெளிவந்தது. அவர் தம் மாணவர்களின் பிடித்தத்தை நம்பினார். நான் என் மாணவருடைய பிடித்தத்தை விசாரணை செய்தேன்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி தம் கட்டுரையை மீண்டும் எழுதினார். டாரி பேசும் வரிகளை இடப்பக்கம் எழுதி, போனிபாய் அவற்றை எப்படி எடுத்துக்கொண்டான் என்பதை நடுவிலும், தாம் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை வலப்பக்கமும் எழுதியிருந்தார். ஓரிடத்தில் மட்டும் வலப்பக்கம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டபோது, முதல்முறை படித்தபோது போனிபாய் சொன்னதையே தாமும் நம்பிவிட்டதாகவும், இப்போது என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.