பெப்லம் படம்னா என்ன, அதுக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?

துணிக்கடைல பெப்லம் டாப், பெப்லம் பிளவுஸ்னு விக்குதுல்ல, இடுப்புக்குக் கீழ விரிஞ்சு நிக்குற மாதிரி தைச்சது, அதே சொல்தான் ஒரு சினிமா வகைக்கும் பேரு. 1958ல இருந்து 1965 வரைக்கும் இத்தாலில எடுத்துத் தள்ளுன, கிரேக்கப் புராணத்துல வர்ற பலசாலி ஹெர்குலிஸ் டைப் படங்களத்தான் பெப்லம்னு சொல்றாங்க.

பெப்லோஸ்ங்கறது பழைய கிரேக்கத்துல பெண்கள் உடுத்துன ஆடை, நீளமான ஒரே துணிய மேல மடிச்சு விட்டு ரெண்டு தோள்லயும் ஊக்கு குத்திக்குவாங்க. லத்தீன்ல அது பெப்லம் ஆச்சு. 1960கள்ல பிரெஞ்சு சினிமா விமர்சகர்கள் இந்தப் படங்கள்ல வர்ற உடுப்ப வச்சே மொத்த வகைக்கும் அந்தப் பேர வச்சுட்டாங்க, இங்கிலீஷ்காரங்க வாளும் செருப்பும்னு ரெண்டு பொருள சேத்து ஒரு பேரு வச்சாங்க.

ஆனா படத்த ஓட்டுனது உடுப்பும் இல்ல வாளும் இல்ல, உடம்பு. 1914ல வந்த கபிரியாங்கற ஊமைப்படத்துல மச்சிஸ்தேன்னு ஒரு பலசாலி வருவான், நடிச்சவர் ஜெனோவா துறைமுகத்துல வேலை பாத்த பார்த்தொலோமியோ பகானோ, அந்தப் பாத்திரம் அவ்ளோ ஹிட்டாகி தனியா படம் படமா வந்துச்சு. அப்புறம் 1958ல பியெத்ரோ பிரான்சிஸ்கி எடுத்த ஹெர்குலிஸ் படம், ஹீரோ ஸ்டீவ் ரீவ்ஸ், 1950ல மிஸ்டர் யுனிவர்ஸ் ஜெயிச்சவர், கிளைமாக்ஸ்ல சங்கிலிய தூண்ல சுத்தி இழுத்து அரண்மனை முகப்பையே சாய்ப்பார் பாருங்க, அந்த ஒரு சீனுக்கே படம் பாக்கலாம். அமெரிக்காவுல ஜோசப் லெவின் பயங்கரமா விளம்பரம் பண்ணி ரிலீஸ் பண்ணார், அதுக்கப்புறம் இத்தாலில ஆளாளுக்கு பாடிபில்டர தேட ஆரம்பிச்சாங்க. அமெரிக்க டப்பிங்ல மச்சிஸ்தேங்கற பேரு யாருக்கும் தெரியாதுன்னு அவனையே சாம்சன், கோலியாத், ஹெர்குலிஸோட மகன்னு இஷ்டத்துக்கு மாத்திட்டாங்க.

அட்டைப் பாறை, உதட்டோட ஒட்டாத டப்பிங், எண்ணெய் பூசின மார்பு, எல்லாமே ஓவர். இந்த ஓவர ரசிக்கிறதுக்குத்தான் கேம்ப்னு சொல்றாங்க, அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964ல அதப் பத்தி ஒரு பெரிய கட்டுரையே எழுதினாங்க, செயற்கையையும் மிகையையும் நேசிக்கிறதுதான் அதோட உயிர்னு. இதுக்கு நான் மிகைச்சுவைன்னு சொல்வேன். நக்கலா பாக்குறவங்களுக்கு இது கிடைக்காதுங்க. மரியோ பாவா 1961ல எடுத்த ஹெர்குலிஸ் படத்துல பாதாள உலகத்த செவப்பும் பச்சையும் நீலமுமா லைட் போட்டே உருவாக்கியிருப்பார், காசு கம்மி, ஆனா மனசார செஞ்ச வேலை, அதான் இன்னைக்கும் கண்ணு நகராது.

சரி, தமிழ்ல? ராஜா ராணி படம்னா அரண்மனைக் காதலும் சூழ்ச்சியும்தான் ஞாபகம் வரும். புராணப் படம்னா பக்தி வந்துரும், இதுல பக்தியே கிடையாது. வாள் செருப்புப் படம்னா கேக்கவே நல்லால்ல. நம்மகிட்ட புஜபல பராக்கிரமம்னு அருமையான வார்த்தை இருக்கு, அதுலருந்து புஜபலப் படம்னு சொன்னா டக்குன்னு விளங்கிரும், இத்தாலிக்காரங்களே இந்த ஹீரோவ போர்ட்சூதோன்னுதான் சொல்றாங்க, பலசாலின்னு அர்த்தம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, 1959ல வந்த பென்-ஹர புஜபலப் படம்னு சொல்லாதீங்க. அது ஹாலிவுட்டோட பிரம்மாண்ட சரித்திரப் படம், செருப்பும் வாளும் அதுலயும் இருக்கு, ஆனா கதைய நடத்துறது ஹீரோவோட புஜம் இல்ல.