தள்ளிவைத்த விதி ஏன் திரும்பி வருகிறது?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தேயிலை ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வெளிநாட்டு விதிகளைக் கண்காணிக்க அங்கே ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். "எங்களுக்குப் பொருந்தாது என்று நான் தள்ளிய விதி சில மாதத்தில் மறுபடி வந்து நிற்கிறது. வேறு சில, மாறிய பிறகும் வருவதில்லை. இதற்கு மூளை இருக்கிறதா இல்லையா?" என்பது அவர் கேள்வி.

மூளை கிடையாது, ஞாபகம் மட்டும் உண்டு. அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவில் எந்தப் பீடைநாசினி எவ்வளவு மிஞ்சலாம் என்று சொல்ல ஐரோப்பிய ஒன்றியத்திடம் 396/2005 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. தனியாக அளவு குறிக்காத இரசாயனத்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். ஜப்பானும் 2006 மே மாதம் முதல் அதே பொது அளவை வைத்திருக்கிறது. நூறு தொன் தேயிலைக்கு ஒரு கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அளவுகள் அடிக்கடி திருத்தப்படும். உலக வர்த்தக அமைப்பில் உறுப்பு நாடுகள் அவற்றை அறிவிக்கும். நம் அரசின் அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி வேறு இருக்கிறது. மென்பொருள் எல்லாவற்றையும் தினமும் வாரிக்கொண்டு வந்து கொட்டும். அதில் வாழைப்பழமும் இருக்கும், மீனும் இருக்கும். யாராவது உட்கார்ந்து 'பொருந்தாது' என்று தள்ளித்தான் ஆக வேண்டும்.

தள்ளிய விதி அழிந்துபோவதில்லை. அழித்தால் மறுநாள் காலை மென்பொருள் அதே பக்கத்துக்குப் போய், "அட, புதுசு!" என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் விதி இருந்த இடத்திலேயே இருக்க, பக்கத்தில் ஒரு குறிப்பு விழுகிறது: யார் தள்ளினார், எப்போது, என்ன காரணம், எதுவரை. நல்ல மென்பொருளில் அந்தக் குறிப்பைத் திருத்த முடியாது. மனம் மாறினால் அதன் கீழே இன்னொன்று எழுதலாம், அவ்வளவுதான். கணக்காய்வாளர் வந்து "இதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் காட்ட வேண்டியது இந்தப் பதிவைத்தான்.

வாசகியின் முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த 'எதுவரை'யில் இருக்கும். நாம் நிரப்பாவிட்டால் பல மென்பொருள்கள் தாமாகவே ஒரு தவணையைப் போட்டுவிடும். அது தொல்லைதான், ஆனால் காரணம் இருக்கிறது. குளோதியனிடின், தயமெத்தொக்சாம் என்ற இரண்டு பூச்சிநாசினிகளின் அளவைக் குறைக்கும் ஐரோப்பிய விதி 2023 பெப்ரவரியில் வெளியானது. நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 மார்ச் 7. "இப்போதைக்கு வேண்டாம்" என்று தள்ளியவருக்கு மூன்று வருடம் கழித்து யார் ஞாபகப்படுத்துவது?

அடுத்தது, குறிப்பை எதில் ஒட்டுவது? விதியின் இலக்கத்தில் ஒட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். உலக வர்த்தக அமைப்பின் அறிவித்தலில் திருத்தம் வந்தால் பழைய இலக்கத்தின் வாலில் ஒரு துண்டு சேரும், ஆகவே தாயையும் பிள்ளையையும் இணைப்பது சுலபம். ஐரோப்பியச் சட்டத் தளத்தில் அப்படி இல்லை. முதலில் வெளியான சட்டத்தின் அடையாள இலக்கம் 3 என்று தொடங்கும். திருத்தங்களைச் சேர்த்துத் தொகுத்த பிரதி 0 என்று தொடங்கி, கடைசியில் திகதியோடு முடியும். இலக்கத்தை மட்டும் நம்பும் மென்பொருளுக்கு இரண்டும் அந்நியர்கள். நம் அதிவிசேட வர்த்தமானி இலக்கம் எனக்குப் பிடித்தமானது. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வாரத்தின் எண். கிளைபோசேட் என்ற களைநாசினியின் தடை 1918/22, 2015 ஜூன் 11. இரசாயன உர இறக்குமதித் தடை 2226/48, 2021 மே 6. எண்களைக் கழித்துப் பாருங்கள்: 308. இரண்டு திகதிகளுக்கும் இடையிலும் 308 வாரம், நாள் பிசகாமல் வருகிறது. ஆனால் வாரம் தெரிகிறதே தவிர, எந்தப் பழைய விதியின் திருத்தம் என்று அந்த எண்ணில் தெரிவதில்லை.

இலக்கம் போதாது என்றால் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். முழு ஆவணத்தையும் ஒரு கணக்குக்குள் போட்டு நீளம் மாறாத ஒரு கைரேகையாக்கலாம். ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். அதுவே தொல்லை: பக்கத்தின் தலைப்புப் படம் மாறினால்கூட, தள்ளியதெல்லாம் எழுந்து வரும்.

இந்த இடத்தில்தான் 1997இல் அன்ட்ரே புரோடர் ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காகக் கண்டுபிடித்த வித்தை வருகிறது. இரண்டு ஆவணங்கள் எவ்வளவு ஒத்தவை என்பதை, அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே சொல்லும் வித்தை. ஒரு தோட்டத்தில் கோயில் கமிட்டி ஒன்று, மரண உதவிச் சங்கம் ஒன்று. இரண்டிலும் இருபது இருபது பேர். பதினைந்து பேர் இரண்டிலும் இருக்கிறார்கள். ஆக மொத்தம் 25 ஆட்கள். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு சீட்டு எண் கொடுங்கள். கமிட்டியில் ஆகச் சிறிய எண் யாரிடம்? சங்கத்தில் யாரிடம்? இரண்டு இடத்திலும் ஒரே ஆள் வரும் வாய்ப்பு எவ்வளவு?

25 பேரிலும் மிகச் சிறிய எண் யாருக்கும் விழலாம். அது அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்கு விழுந்தால் இரு பட்டியலிலும் அவரே முதல். வேறு யாருக்கு விழுந்தாலும் இரண்டு பட்டியலும் ஆளுக்கொருவரைக் காட்டும். ஆகவே வாய்ப்பு 15/25, அதாவது 60 சதவீதம். மொத்தப் பேரில் எத்தனை பேர் பொது என்ற ஒற்றுமையின் அளவும் அதேதான்! இருநூறு தடவை புதிதாகச் சீட்டுப் போட்டு, எத்தனை தடவை ஒரே ஆள் வந்தார் என்று எண்ணினால் போதும். பட்டியலையே பார்க்க வேண்டாம். ஆவணத்தில் ஆட்களுக்குப் பதில், அடுத்தடுத்து வரும் சில சொற்களின் துண்டுகள். நூறு பக்க விதிக்கு இருநூறு எண்களைச் சேமித்தால் சரி. இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்த அழகை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வோம். 0.05 என்பது 0.01 ஆக மாறினாலும் ஆவணம் 99 சதவீதம் பழையதுதான். மென்பொருள் "அதேதான்" என்று விட்டுவிடும். மாறிய பிறகும் வராத விதிகளைப் பற்றிய வாசகியின் முறைப்பாட்டில் இதன் வாடை அடிக்கிறது. எண்களையும் இரசாயனப் பெயர்களையும் திகதிகளையும் தனியே பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டும். தமிழில் அதற்கு முன்பே இடறுகிறோம்: பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பழைய ஆவணத்தைக் கணினி வாசித்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவு மாநாடுகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் இந்தக் குப்பையைச் சுத்தம் செய்யப் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் தாண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்தான் காரணம் என்று நிரூபணமாகாமலே 2015இல் அதைத் தடை செய்தார்கள். அந்த நோய் மலையகத்தின் பிரச்சினையே அல்ல, பெரும்பாலும் நாட்டின் வட மத்தியப் பகுதியான ரஜரட்ட பக்கம். அச்சம் முடிவெடுத்தது, புல் மட்டும் தோட்டத்தில் வளர்ந்தது. சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ என்ற வேறு களைநாசினிக்குப் போயின. 2018இல் ஜப்பானிலிருந்து அதன் எச்சம் பற்றி முறைப்பாடு வந்தது. அந்த வருடமே தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட்டைத் திரும்ப அனுமதித்தார்கள்.

2014இல் ஒருவர் ஜப்பானின் எம்.சி.பி.ஏ அளவை "நாங்கள் அடிப்பதில்லை" என்று தள்ளியிருந்தால் அது சரியான முடிவு. பிறகு ஜப்பான் விதியில் ஓர் எழுத்தும் மாறத் தேவையில்லை. கைரேகை அதே, ஒற்றுமை நூற்றுக்கு நூறு. மாறியது தள்ளிய காரணம். ஆகவே கண்காணிக்க வேண்டியது காரணத்தையும்தான். அதைத் தோட்டத்து ஸ்டோர் இருப்போடு இணைத்தால், எம்.சி.பி.ஏ கேன் உள்ளே வந்த அன்றே அந்தக் காரணத்தால் தள்ளிய விதிகள் எல்லாம் தாமாகத் திறந்துகொள்ளும்.

வாசகி தன் மென்பொருளில் காரணம் எழுதும் இடம் எப்படியிருக்கிறது என்று பார்க்கட்டும். பட்டியலிலிருந்து தெரிவு செய்யக் கேட்டால் நல்லது. வெறும் பெட்டியாக இருந்தால் "பொருந்தாது" என்று மட்டும் எழுதாமல் இரசாயனம், நாடு, தோட்டம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். புது மருந்துக்கு ஓடர் போடும்போது அந்தப் பெயரைத் தள்ளியவற்றுக்குள் ஒரு தடவை தேடிப் பார்க்கலாம்.