‘எப்போது வெளியிடுவீர்கள்?’ என்று எழுதுவதற்கு முன்

2024 மார்ச் 29, புனித வெள்ளி. இரவு பத்து மணி இருக்கும். என்னுடன் வேலை பார்க்கும் தம்பி கைப்பேசியில் அழைத்தான். “அண்ணா, எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ கொல்லைக் கதவு வைத்திருக்கிறார்களாம். நம் சர்வர்களில் என்ன பதிப்பு இருக்கிறது?”

கோவையிலும் திருப்பூரிலும் சிறு நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. பின்னலாடை ஏற்றுமதி செய்பவர்கள், இரண்டு மூன்று பரிசோதனை நிலையங்கள், ஒரு மாவு மில். அன்றிரவு ஒவ்வொரு சர்வராகப் பார்த்தோம். சந்தேகத்துக்குரிய மென்பொருளையே ஓட்டி அதன் பதிப்பைக் கேட்க மனம் வரவில்லை. நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலில் தேடினோம். எல்லாம் பழைய, நிலையான பதிப்புகள். ஆபத்தான 5.6.1 இருந்த ஒரே கணினி என்னுடைய மடிக்கணினி. புதியதை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிடும் ஆசையில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் சோதனைக் கிளையை அதில் போட்டு வைத்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசமா என்று தம்பி கேட்கவில்லை, சிரித்தான்.

எக்ஸ்இசட் கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். அதைத் தெரிந்து நிறுவியவர்கள் குறைவு. ஆனால் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் அது இருக்கும். அதன் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில் விஷம் கலந்திருந்தது; கொல்லைக் கதவு என்றால் வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி. பாதுகாப்பு ஓட்டைகளை அளக்கும் அளவுகோலில் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள்.

கண்டுபிடித்தவர் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்டில் பணியாற்றுபவர். தரவுத்தளத்தின் வேகத்தை நுணுக்கமாக அளப்பதற்காக ஒரு கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக வர முயலும் அந்நியர்கள் உடனே விரட்டப்பட வேண்டும். ஆனால் அவர்களை விரட்டுவதற்கே அந்தக் கணினி அளவுக்கு மீறி உழைத்தது. 0.299 விநாடியில் முடிய வேண்டியது 0.807 விநாடி எடுத்தது. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் வந்த விநோதமான பிழைச் செய்தி ஒன்றும் அவருக்கு நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, நூலைப் பிடித்துக்கொண்டே போனபோதுதான் எக்ஸ்இசட்டுக்கு வந்து சேர்ந்தார்.

எஸ்எஸ்எச்சுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன உறவு? நேரடியாக ஒன்றும் இல்லை. லினக்ஸைப் பிற மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள், எஸ்எஸ்எச் சேவை ‘நான் தயார்’ என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் சொல்வதற்காக ஒரு சிறு ஒட்டு வேலை செய்திருந்தன. அதற்காக சிஸ்டம்டியின் லைப்ரரி, அதாவது பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, உள்ளே வந்தது. அந்த லைப்ரரி பதிவேடுகளைச் சுருக்கும் வேலைக்காக எக்ஸ்இசட்டின் லைப்ரரியைக் கூடவே அழைத்து வந்தது. சம்பந்தியின் சம்பந்தி கல்யாண வீட்டின் பணப்பெட்டி அறை வரைக்கும் வந்துவிட்டதைப்போல. உள்ளே வந்த நிரல், எஸ்எஸ்எச் சாவியைச் சரிபார்க்கும் இடத்தில் தன் ஆளை நிறுத்தியது. தாக்கியவரிடம் மட்டும் இருந்த ஒரு ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட கட்டளை வந்தால், கடவுச்சொல் கேட்காமல் அதை நிறைவேற்றும். மற்றவர்களுக்குக் கதவு இருப்பதே தெரியாது.

‘மூல நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்திருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா?’ என்று வாடிக்கையாளர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நிரலையும் அதன் மாற்றங்களையும் பொதுவில் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருந்ததைப் படித்தவர்களுக்கு முழு விஷமும் தெரிந்திருக்காது. விஷத்தைக் குழைத்து வைத்த இடம், லைப்ரரியைச் சோதிப்பதற்கென்று வைத்திருந்த இருமக் கோப்புகள். மனிதக் கண்ணால் படிக்கக்கூடியவை அல்ல. அவற்றைப் பிரித்து நிரலுக்குள் சேர்க்கத் தொடங்கிவைக்கும் சில வரிகள், வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டும் இருந்தன; களஞ்சியத்தில் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் பலகாரம் ஒன்று, உள்ளே கட்டித் தரும் பொட்டலம் வேறு. விநியோகங்கள் வாங்கியது பொட்டலத்தை.

போதாக்குறைக்கு இன்னொரு சிறு வேலையும் நடந்திருந்தது. லினக்ஸின் மையமான கருவின் (கெர்னல்) ஒரு பாதுகாப்பு வேலியைப் பயன்படுத்த முடியுமா என்று சோதிக்கும் துண்டு நிரலில் ஒற்றைப் புள்ளி கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை எப்போதும் தோற்கும். வேலி எப்போதும் போடப்படாது. நான் அந்த மாற்றத்தைப் பலமுறை பார்த்தேன். இருக்கும் இடம் தெரிந்தும் அந்தப் புள்ளி ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தப்பியது.

இதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அந்த வார இறுதியில் எக்ஸ்இசட் திட்டத்தின் பழைய மடல்களை எடுத்துப் படித்தேன்.

திட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கோலின். சம்பளம் கிடையாது. 2021 அக்டோபர் இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்குகிறார். பணிவானவர், பயனுள்ளவர். 2022-இல் ஜிகர் குமார், டெனிஸ் என்ஸ் என்ற பெயர்களில் வேறு மடல்கள் வருகின்றன. திருத்தங்கள் ஏன் இன்னும் சேர்க்கப்படவில்லை? பராமரிப்பாளருக்கு ஆர்வம் போய்விட்டதா? புதிய பராமரிப்பாளர் வராமல் முன்னேற்றம் இருக்காது. ஜூன் மாதத்தில் கோலின் பொறுமையாகப் பதில் எழுதுகிறார்: ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்களாலும் வேறு சிலவற்றாலும் முன்போல் கவனிக்க முடியவில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கும் இரக்கமற்ற பதில்தான் வருகிறது. 2023 தொடக்கத்தில் ஜியா டான் பதிப்புகளை வெளியிடும் இடத்துக்கு வந்துவிட்டார்.

அவசரப்படுத்திய அந்த முகவரிகளுக்கு வேறெங்கும் நடமாட்டம் இல்லை. ஒரே கூட்டத்தின் போலிப் பெயர்கள் என்பதே பரவலான கணிப்பு. ஜியா டான் யார், எத்தனை பேர், எந்த நாடு என்பது பொதுவெளியில் நிறுவப்படவில்லை. மொட்டைக் கடிதம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் மொட்டைக் கடிதத்தில் வசவு இருக்கும், மிரட்டல் இருக்கும். இவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. கணினித் துறையில் அன்றாடம் புழங்கும் எரிச்சல்தான் இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கும் வந்திருக்காது, ஏனென்றால் அதே தொனியில் நானே எழுதியிருக்கிறேன். 2019-இல் ஒரு வாடிக்கையாளரின் காப்புப் பிரதிகளை எடுக்க ஒரு சிறு திறந்த மூலக் கருவியைப் பயன்படுத்தினோம். தமிழில் பெயரிட்ட கோப்புகளை அது விட்டுவிட்டுப் போனது. பிழையைப் பதிவுசெய்தேன். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, ‘எப்போது வெளியிடுவீர்கள்? கவனிக்க நேரம் இல்லையென்றால் திட்டத்தை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமே’ என்று எழுதினேன். வாடிக்கையாளரிடம் அந்த மாதச் சம்பளத்தை வாங்கிய கையோடு எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

ஜிகர் குமாரின் மடலையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது உளவாளியுடையது, எது கோவைக்காரருடையது என்று பிரிக்க முடியாது.

இது ஒரு முறை நடந்து முடிந்த விஷயமும் அல்ல. 2024 ஏப்ரல் நடுவில், ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களைக் கவனிக்கும் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையும் ஓப்பன் சோர்ஸ் செக்யூரிட்டி அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. முகம் தெரியாதவர்கள், ‘முக்கியமான ஓட்டைகளை உடனே அடைக்க வேண்டும்’ என்று விவரமே சொல்லாமல் அவசரப்படுத்தி, தங்களையே பராமரிப்பாளராக்கும்படி மடல் எழுதியிருந்தார்கள். அங்கே பலிக்கவில்லை. 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற திட்டத்தில் போலி அவசரம்கூடத் தேவைப்படவில்லை. களைத்துப்போன உரிமையாளரிடம் ஒருவர் கேட்டார், அவர் கொடுத்துவிட்டார். பிட்காயின் பணப்பை ஒன்றிலிருந்து திருடும் நிரல் அதற்குள் ஏறியது.

எக்ஸ்இசட்டுக்குப் பிறகு இரண்டு கட்சி கிளம்பியது. திறந்திருந்ததால்தான் அந்நியன் நுழைந்தான் என்பது ஒன்று; திறந்திருந்ததால்தான் ஒரு தனி மனிதரால் தோண்டிப் பார்க்க முடிந்தது என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சிதான், ஆனால் மார்தட்ட ஒன்றும் இல்லை. அரை விநாடியைப் பொருட்படுத்தாத ஒருவர் அந்த இருக்கையில் இருந்திருந்தால், உபுண்டு என்ற விநியோகத்தின் 24.04 பதிப்பு அடுத்த மாதம் அந்த விஷத்தோடு வந்திருக்கக்கூடும். பிடிபட்டது திறமையாலும் அதிர்ஷ்டத்தாலும். அதில் எவ்வளவு பங்கு அதிர்ஷ்டம் என்று பேச இரு கட்சிக்கும் விருப்பம் இல்லை.

பராமரிப்பாளர்களின் களைப்பு இப்போது வெளிப்படையாகவே பேசப்படுகிறது. எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க உலாவிகளும் இயங்குதளங்களும் நம்பியிருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியைத் தன்னார்வமாகப் பராமரித்தவர், 2025 ஜூனில் ஒரு முடிவை அறிவித்தார்: பாதுகாப்புப் பிழைகளுக்குத் தனி ரகசியமோ தனிக் கெடுவோ கிடையாது, மற்றப் பிழைகளைப்போல நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன். பெரிய நிறுவனங்களுக்காகச் சம்பளமின்றி ஒவ்வொரு வாரமும் மணிக்கணக்கில் உழைக்க முடியாது என்பது அவர் வாதம். இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டம், ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பல ஆண்டுகள் பரிசுத்தொகை கொடுத்து வந்தது. செயற்கை நுண்ணறிவை எழுதவைத்து அனுப்பிய குப்பை அறிக்கைகள் குவிந்ததால் 2026 ஜனவரியோடு அதை நிறுத்தியது. பல சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் உலகில் எங்கும் பரவியிருந்த, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே சேர்க்கும் இங்ரெஸ் என்ஜின்எக்ஸ், ஓரிருவரின் ஓய்வு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2026 மார்ச்சோடு பராமரிப்பு முடியும் என்று 2025 நவம்பரில் அறிவித்தபோது, அதை நம்பிய நிறுவனங்கள் பதறின. உதவிக்கு ஆள் கேட்டபோது பதறியவர்கள் யாரும் கண்ணில் படவில்லை.

சர்வர் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தார் என்னிடம் கேட்பது, ‘இதில் நாங்கள் என்ன செய்வது?’ முதலில் செய்ய வேண்டியது எஸ்எஸ்எச் வாசலை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காமல் இருப்பது. எக்ஸ்இசட் கொல்லைக் கதவு எவ்வளவு சாமர்த்தியமானது என்றாலும், அந்த வாசல்வரை வந்து சேர முடியாதவருக்கு அதனால் பயனில்லை. விபிஎன் (அனுமதி பெற்றவர்களுக்கான தனி இணைப்பு) வழியாக மட்டும், அல்லது தெரிந்த முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். இதற்குச் செலவு அரை நாள் வேலை. என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இதற்கு ஒப்புக்கொள்ளவே ஒரு வருடம் ஆயிற்று. வீட்டிலிருந்து மேலாளர் நுழைய ஒரு படி கூடுகிறதாம்.

நிலையான பதிப்பிலேயே இருங்கள் என்று நான் சொன்னால், சிலர் ‘அப்படியானால் புதுப்பிக்கவே வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது இன்னும் மோசம். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்த சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் விநியோகத்தை இன்றும் ஓட்டிக்கொண்டு, எக்ஸ்இசட் நம்மைத் தொடவில்லை என்று மகிழ்கிறவர்களை எனக்குத் தெரியும். பூட்டு துருப்பிடித்துத் திறந்தே கிடப்பதால் சாவி திருடு போகவில்லை என்பதைப் போன்றது அது. ஆதரவில் உள்ள நிலைப்பதிப்பு, அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன், இவ்வளவுதான் வேண்டும்.

ஐரோப்பாவுக்கு மென்பொருளோ, மென்பொருள் அடங்கிய கருவியோ விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் பெரும்பகுதி 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். நீங்கள் சேர்த்துக்கொண்ட திறந்த மூலக் கூறுகளைச் சரிபார்க்கும் கடமை உங்களுடையது, அவற்றில் ஓட்டை கண்டால் அதைப் பராமரிப்பவருக்குத் தெரிவிப்பதும் உங்கள் கடமை என்கிறது அது. இலவசமாகக் கொடுத்தவர் தலையில் எல்லாவற்றையும் கட்டும் வழக்கத்துக்கு இதுவரை நான் பார்த்த நல்ல மறுப்பு, இந்தச் சட்ட வாசகம்தான்.

பணம் கொடுப்பதும் உதவும். 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோதுதான், இணையத் தொடர்பை மறைகுறியாக்கிக் காக்க உலகின் எண்ணற்ற இணையத்தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு நன்கொடையாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-இல் திறந்த மூலத் திட்டங்களுக்கென்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கத் தொடங்கியது. நம்மால் அவ்வளவு முடியாது. நான் இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஆண்டு ஒப்பந்தத்திலும் ‘திறந்த மூலப் பங்களிப்பு’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். இரண்டாயிரம் ரூபாய், மூவாயிரம் ரூபாய். இதுவரை ஒருவர்தான் அந்த வரியை அடித்தார்.

மடலுக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் அந்தக் காப்புப் பிரதிக் கருவியின் உரிமையாளருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 2019-இல் எழுதியது தவறு, பிழை இன்னும் இருந்தால் நானே திருத்தி அனுப்புகிறேன் என்றேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பரவாயில்லை என்று தொடங்கி, அந்தப் பிழையை 2020-லேயே சரிசெய்துவிட்டதாகவும், அதற்கு நன்றியாக ஒரு வரிகூட வரவில்லை என்றும் எழுதியிருந்தார். நாங்கள் நான்கு வருடங்களாகப் பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்தோம்.