களி எங்கே இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியாது

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், காகிதப் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திக் கைப்பேசியில் படம் பிடித்து, மூன்று நிமிட அனிமேஷன் படம் ஒன்றை எடுக்க ஆயத்தமாகிறார்கள். கொல்லைக்குக் காவலிருக்கும் பாட்டி, ராகிக் களி உருண்டையை மூங்கில் கூடையில் மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறாள். அவள் போனதும் குரங்கொன்று களியை எடுத்து, கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலுக்கு அடியில் ஒளித்துவிடுகிறது. பாட்டி திரும்பி வந்து, கை கழுவி, சம்மணமிட்டு உட்கார்ந்து, கீரைக் கடைசலைத் தட்டில் ஊற்றிக்கொண்டு, கூடையின் மூடியில் கை வைக்கிறாள்.

வரைந்த படங்களை வரிசையாகக் காட்டிக் கதையைச் சொன்னபோது, பாட்டி மூடியைத் திறப்பதற்கு முன்பே ஐந்தாம் வகுப்பு சிரித்துவிட்டது. பக்கத்து அங்கன்வாடிக் குழந்தைகளோ பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாட்டி களியை எங்கே தேடுவாங்க?" என்று கேட்டதற்கு, மூன்று வயதுக் குழந்தைகள் தயங்காமல் பரிசலைக் காட்டினார்களாம். கதையில் எங்கே பிழை என்று கேட்கிறார் ஆசிரியை.

படம் பிடிக்கும் முன்பே கேட்டது நல்லதாயிற்று. திரைப்படம் வழக்கமாக நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும், மூன்று நிமிடத்துக்கு 2,160 படங்கள் வேண்டும். அத்தனை முறை பொம்மையை நகர்த்திய பிறகு கதையைத் திருத்த யாருக்கும் மனம் வராது. அதனால்தான் காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் குத்தி, பிடிக்காததைப் பிடுங்கிப் போடும் ஸ்டோரிபோர்டு முறை 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி படக்கூடத்தில் உருவாயிற்று. அப்படங்களையே குரலோடும் நேரக் கணக்கோடும் ஓட்டிப் பார்ப்பது அனிமேட்டிக். இவை பலரும் அறிந்தவைதாம். அங்கன்வாடியில் நடந்ததே எனக்குச் சுவையாகப் பட்டது.

ஏனென்றால், ஆசிரியை தம்மையறியாமலே உளவியலின் புகழ்பெற்ற சோதனை ஒன்றைச் செய்திருக்கிறார். ஆஸ்திரிய உளவியலாளர்களான ஹைன்ஸ் விம்மரும் யோசெப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மாக்சி என்ற சிறுவன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான்? இவ்வகைக் கதைகள் இரண்டிலும் சரியாக விடை சொன்னவர்கள் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 86 விழுக்காடு, 4 முதல் 6 வயதினரில் 57 விழுக்காடு. 3 முதல் 4 வயதினரில் ஒருவர்கூட இல்லை. இந்தியாவையும் சேர்த்து ஐந்து நாடுகளில் பிற்காலத்தில் செய்த ஒப்பாய்விலும், ஏறத்தாழ ஐந்து வயதையொட்டியே இத்திறன் தெளிவாகத் தென்பட்டது.

இதில் என்ன கடினம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். சிரிப்பு வர வேண்டுமானால் குழந்தையின் மனத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கூடைகள் இருக்க வேண்டும்: உண்மையில் காலியாகிவிட்ட கூடை ஒன்று, பாட்டியின் நினைப்பில் இன்னும் களி மணக்கும் கூடை மற்றொன்று. இரண்டாவதைக் கண்ணால் பார்க்க முடியாது. தான் அறிந்ததைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுப் பாட்டி எதைப் பார்த்தாள், எதைப் பார்க்கவில்லை என்பதிலிருந்து குழந்தைதான் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று வயதில் தான் அறிந்ததே முன்னால் வந்து நின்றுகொள்கிறது. களி பரிசலுக்கு அடியில் இருக்கிறது, ஆகவே பாட்டியும் அங்கேதான் போவாள். நம் பக்கத்துப் பாரதக் கூத்துகளில் கீசகன் இருட்டில் திரௌபதி என்று நம்பி வீமனை நெருங்கும்போது கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே இரட்டைக் கணக்கினால்தான். விடிய விடிய நடக்கும் கூத்தில் சிறு பிள்ளைகள் அந்த இடத்தில் தூங்கிவிடுவதைத் தூக்கத்தின் கணக்கில் மட்டும் எழுத வேண்டியதில்லை.

ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் இக்கணக்கு தானாக அமையாது. அதற்கான பொருள்களைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியை அனுப்பிய படங்களில் குரங்கு களியை எடுக்கும் தாளில் பாட்டியே இல்லை. அதே தாளில், தொலைவில், குடத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும் சிறிய பாட்டியையும் வரைந்தால், அவள் பார்க்கவில்லை என்பது ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கும். மூடியில் கை வைத்த பிறகு உடனே திறந்துவிடாமல் இரண்டு நொடி, அதாவது 24 படங்கள், அவளை நிறுத்தி வைக்கலாம். பார்ப்பவர் மனத்தில் இரண்டு கூடைகளும் மோதிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும்.

அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு 'மந்தம்' என்றும், வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு பெரியவர் சொன்னார் என்றும் ஆசிரியை எழுதியிருந்தார். பாட்டியின் மனத்தைப் படிக்காத மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை; ஓரிரண்டு ஆண்டில் அது தானே வந்து சேரும். எனக்குக் கவலையெல்லாம், அரசுப் பணத்தில் எடுக்கப்படும் குழந்தைப் படங்களில் நான் பார்த்த பலவும் எந்தக் குழந்தையிடமும் முன்கூட்டிக் காட்டப்பட்டதாகத் தெரியவில்லை என்பதே. தாளில் வரைந்த பத்துப் பதினைந்து படங்களோடு ஒரு முற்பகல் அங்கன்வாடியில் உட்கார எந்த நிதிக்குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை.

சின்னவர்களுக்கென்று தனியாகச் சிரிப்பு வேண்டுமானால் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கலாம் என்று பதில் எழுதியிருந்தேன். சூடான களியில் கையை விட்ட குரங்கு, ஒட்டிக்கொண்ட உருண்டையை உதறவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பரிசலைச் சுற்றி ஓடுவதாக இப்போது நான்கு தாள்கள் சேர்த்திருக்கிறார்கள். அங்கன்வாடி அதற்கு விழுந்து விழுந்து சிரித்ததாம். பழைய இடத்தைக் குறைத்துவிடக் கூடாது என்று ஐந்தாம் வகுப்பு பிடிவாதமாக நிற்கிறதாம்.