இங்கிலாந்தில் ஒரு குழந்தை கொடுமைக்குப் பலியானால்: 'மீளாய்வு' என்பது என்ன?

இங்கிலாந்தில் ஒரு குழந்தை வீட்டிலேயே அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தால், கூடவே 'மீளாய்வு நடக்கும், அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை' என்று கவுன்சில் (அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம்) சொல்வதும் வரும். படிக்கிறவருக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் அந்த மீளாய்வு குற்றவாளியைத் தேடுவதற்கானது அல்ல. அது போலீஸ் வேலை, கோர்ட் வேலை. மரணம் எப்படி நேர்ந்தது என்று பார்க்க கொரோனர் என்ற தனி அதிகாரி இருக்கிறார். சோஷியல் வொர்க்கர், டாக்டர், டீச்சர், போலீஸ் என்று இத்தனை பேர் பார்த்திருந்தும் அந்தப் பிள்ளை ஏன் தப்பவில்லை என்பதுதான் மீளாய்வு கேட்கும் கேள்வி.

18 வயது நிரம்பாத எவருக்கும் இது பொருந்தும். இறப்பு மட்டுமல்ல, பலத்த பாதிப்பும் கணக்கில் வரும். உடல் காயத்தோடு, மனநலமும் வளர்ச்சியும் கெடுவதும் பாதிப்புதான். பிள்ளை பிறகு தேறிவிட்டது என்பதற்காக விஷயம் முடிந்துவிடாது. கொடுமையோ கவனிப்பின்மையோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, கவுன்சில் 5 வேலை நாட்களுக்குள், இந்த மீளாய்வுகளுக்கென்றே உள்ள தேசியக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். விடுமுறைக்கு வெளிநாடு போன இடத்தில் நடந்திருந்தாலும், குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு இந்தக் கடமை உண்டு.

அடுத்த 15 வேலை நாட்களில் விரைவு மீளாய்வு. கவுன்சில், போலீஸ், அந்தப் பகுதியின் என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வாரியம் மூன்றும் தங்களிடம் உள்ள பதிவுகளைத் திரட்டிப் பார்க்கும். முழு மீளாய்வு தேவையா என்று முடிவெடுப்பதும் இவர்கள்தான். எல்லாச் சம்பவத்துக்கும் முழு மீளாய்வு நடப்பதில்லை, புதிதாகக் கற்க எதுவும் இல்லை என்று நினைத்தால் விரைவு மீளாய்வோடு நிறுத்தலாம். முழு மீளாய்வு என்றால் 6 மாதத்துக்குள் அறிக்கை வெளிவர வேண்டும். கோர்ட் வழக்கு நடந்தால் இது தள்ளிப்போவதும் உண்டு.

முன்பு இதற்கு 'சீரியஸ் கேஸ் ரிவ்யூ' என்று பெயர். அந்த முறை சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-ல், அரசு கேட்டு ஆலன் வுட் என்பவர் தந்த அறிக்கை சொன்னது. 2017-ல் புதுச் சட்டம் வந்தது, 2018-ல் தேசியக் குழு அமைந்தது. நாடு முழுவதற்கும் பாடம் இருக்கும் சம்பவங்களை இந்தக் குழு தானே எடுத்து ஆராயலாம்.

இந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் நிற்கும் பெயர்களில் ஒன்று விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்டில் பிறந்து, உறவுக்காரப் பெண்ணோடு லண்டன் வந்த 8 வயதுச் சிறுமி. 2000 பிப்ரவரியில் இறந்தபோது அவள் உடம்பில் 128 காயங்கள். லார்டு லாமிங் நடத்திய பொது விசாரணை 2003-ல் 108 பரிந்துரைகளோடு முடிந்தது, அதையொட்டி 2004-ல் குழந்தைகள் சட்டம் வந்தது. அந்த விசாரணையில் வந்த ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. வளர்த்தவர்கள் முன்னால் சிறுமி விறைத்து நின்றதை, அவர்கள் பண்பாட்டில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று சோஷியல் வொர்க்கர் எடுத்துக்கொண்டிருந்தார். அது பயம். 'எங்கள் வழக்கம் இதுதான்' என்று வெளியாரிடம் சொல்லிப் பழகிய நம் வீடுகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆர்தர் லபின்ஜோ-ஹியூஸ், ஸ்டார் ஹாப்சன் இருவரும் 2020-ல் கொல்லப்பட்டார்கள். ஆர்தருக்கு 6 வயது, ஸ்டாருக்கு 16 மாதம். தேசியக் குழு இரண்டையும் சேர்த்து ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை தந்தது. இரண்டிலும் சொந்தக்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். ஆர்தரின் முதுகிலிருந்த கன்றிய காயங்களைப் படமெடுத்துக் காட்டியும் இருந்தார்கள். ஸ்டார் விஷயத்தில் ஐந்து முறை தகவல் போயிருந்தது. குடும்பச் சண்டையில் வேண்டாதவர்கள் கிளப்பிவிடுகிறார்கள் என்ற நினைப்பு, அந்தக் குரல்களுக்கு உரிய எடை கிடைக்காமல் செய்துவிட்டது. இப்படிப்பட்ட வேலையை ஒரே ஆள் தலையில் கட்டாமல், போலீஸ், சுகாதாரம், சமூகப் பணி மூன்றும் சேர்ந்த தனிப் பிரிவு ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டும் என்று குழு கேட்டது. தகவல் பகிரப்படவில்லை, குழந்தையிடம் நேராகப் பேசவில்லை என்ற இரண்டு வரி அறிக்கைக்கு அறிக்கை திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால், பாடம் எழுதுவது இவர்களுக்குச் சிரமமே இல்லை என்று தோன்றிவிடும்.

குடும்பத்தார் இதில் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல. பெற்றோர், பாட்டி தாத்தா, உயிரோடிருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஆகியோரையும் பங்கேற்க அழைக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். அழைப்பு வந்தால், ஆங்கிலம் தடுமாறுகிறது என்று ஒதுங்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டு ஆளையே மொழிபெயர்க்க வைப்பது இந்த விஷயத்தில் ஆபத்து.

அறிக்கைகளில் பெரும்பாலும் குழந்தையின் உண்மைப் பெயர் இருக்காது, ஓர் எழுத்தோ மாற்றுப் பெயரோ இருக்கும். குறைந்தது ஓராண்டு பொதுப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். என்.எஸ்.பி.சி.சி. என்ற தொண்டு நிறுவனத்தின் தொகுப்பில் பழைய அறிக்கைகளும் கிடைக்கும். ஒரு பிள்ளையைப் பற்றி இப்போதே கவலை இருந்தால் அதே நிறுவனத்தின் 0808 800 5000 எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 999.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் முறைகள் வேறு.