அமெரிக்காவில் மருத்துவம்: எந்தக் கல்லூரி, எந்த மேஜர்?

அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அரிது. முதலில் நான்கு ஆண்டு இளங்கலை, பிறகு நான்கு ஆண்டு மருத்துவம், அதன்பின் துறையைப் பொறுத்து 3 முதல் 7 ஆண்டு ரெசிடென்சி (மருத்துவமனையில் துறைப் பயிற்சி). இளங்கலைக்கு இடம் தேடும்போது நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, 'எந்தக் கல்லூரிக்குப் பெரிய பேர்?' கேட்க வேண்டியதோ, 'எங்கே படித்தால் இந்தப் பிள்ளையின் ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) கீழே இறங்காது?'

ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் எம்.டி. (இங்கே அடிப்படை மருத்துவப் பட்டம்) படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேர்வது சுமார் 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ ஏறக்குறைய 3.8, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் 528க்குச் சுமார் 512. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை மதிப்பெண்களைத் தன் முறையில் மறுபடி கணக்கிடும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் இரண்டு கிரேடுமே கணக்கில் சேரும். கல்லூரி பழையதை நீக்கியிருந்தாலும் விடாது. முதலாண்டில் வாங்கிய 'சி' கடைசிவரை கூடவே வரும்.

பிரீமெட் என்பது மேஜர் (முதன்மைப் பாடம்) அல்ல, மருத்துவம் சேர விரும்புவோர் முடிக்க வேண்டிய ஒரு பாடப் பட்டியல். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்தோடு இரண்டிரண்டு செமஸ்டர்; உயிர்வேதியியல் ஒன்று; ஆங்கிலமும் புள்ளியியலும். எம்கேட்டில் உளவியல், சமூகவியலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. இவற்றை முடித்துவிட்டால் வரலாறோ இசையோ மேஜராக இருக்கலாம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்தால் மருத்துவம் கிடைக்காவிட்டாலும் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் நினைப்பது புரிகிறது. ஆனால் பொறியியல் பாடங்கள் பொதுவாக ஆம்காஸின் அறிவியல் ஜிபிஏவில் சேராது. மதிப்பெண் குறைந்தால் மொத்த ஜிபிஏவை மட்டும் கீழே இழுக்கும். கரிம வேதியியல் வரும் அதே செமஸ்டரில் பொறியியல் பாடங்களும் சேர்ந்து அழுத்தினால், ஆய்வகப் பணிக்கும் மருத்துவமனைத் தன்னார்வப் பணிக்கும் நேரம் எங்கே? பிள்ளைக்கே அதில் உண்மையான ஆசை இருந்தால் மட்டும் எடுக்கட்டும்.

'எங்கள் மாணவர்களில் 90 விழுக்காட்டினர் மருத்துவம் சேர்கிறார்கள்' என்று ஒரு கல்லூரி சொன்னால், யாரில் 90 என்று கேளுங்கள். சில கல்லூரிகளில் பிரீமெட் குழு கூடித்தான் பரிந்துரைக் கடிதம் தரும். ஜிபிஏ குறைந்தவர்களுக்குத் தர மறுப்பதும் உண்டு. கடிதம் கிடைக்காத பலர் அந்த ஆண்டு விண்ணப்பிப்பதே இல்லை. வடிகட்டியபின் மிஞ்சியவர்களின் கணக்கு அது. முதலாண்டில் பிரீமெட் என்று வந்தவர்கள் எத்தனை பேர், நான்காம் ஆண்டில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் வாங்குங்கள். ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்ணைக் காட்டி அடிப்படைப் பாடங்களைத் தாண்டுவதிலும் கவனம் வேண்டும்: சில மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்பதில்லை, சில அதே துறையில் மேல்நிலைப் பாடம் கேட்கும்.

பணத்தை இளங்கலையிலேயே கரைத்துவிடாதீர்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மொத்தச் செலவுவரை கூட்டாட்சி அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பதே உச்சம். பல மருத்துவக் கல்லூரிகளின் மொத்தச் செலவு இதைத் தாண்டும். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு படித்து மிச்சம் பிடித்தால், அது அப்போது கைகொடுக்கும்.

இளங்கலையோடு மருத்துவ இடத்தையும் சேர்த்தே தரும் பி.எஸ்.-எம்.டி. இணைப்புப் படிப்பு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் இடத்தைத் தக்கவைக்கக் குறைந்தபட்ச ஜிபிஏ, பல இடங்களில் எம்கேட் மதிப்பெண்ணும் உண்டு. ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) வளர்ந்த பிள்ளைகளின் நிலைதான் மனத்தைப் பிசைகிறது. சிறு வயதிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும், கிரீன் கார்டு இல்லையென்றால் பல மருத்துவக் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே வைக்கும். சில விண்ணப்பத்தையே வாங்காது. கூட்டாட்சிக் கடனும் இல்லை. 21 வயதானால் எச்-4 முடிந்து, எஃப்-1 (மாணவர் விசா) போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும். ஆகவே இளங்கலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் எவை என்று சேர்க்கை விதிகளைத் தொகுத்துத் தரும் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள்.